வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

வீடு பார்க்கப் போகும்போது நம் ஆட்களின் சாமர்த்தியத்தைக் குறை சொல்ல முடியாது. குழாயைத் திறந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்போம், உப்பா நல்லதா என்று. சமையலறை எந்த மூலையில் இருக்கிறது என்று பார்ப்போம். சொந்தமாக வாங்குவதென்றால் பல வருடத்து வில்லங்கச் சான்றை எடுத்து வக்கீல் கையில் கொடுப்போம். ராத்திரி இந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்று மட்டும் விசாரிக்க மாட்டோம். விசாரித்தாலும், "ரொம்ப அமைதியான ஏரியா சார்" என்று புரோக்கர் சொல்வதோடு சரி. அவர் நம்மைக் கூட்டிக்கொண்டு போவதோ ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் சென்னையின் பரபரப்பான ஜி.எஸ்.டி. சாலையே கொஞ்சம் ஓய்ந்துதான் இருக்கும்.

கட்டடங்களில் ஒலி அளப்பது என் தொழில். ஒரு மீட்டர், ஒரு முக்காலி, ஒரு நோட்டு. கூடவே பையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் இருக்கும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

எண்களை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ரேடியோவில் எண்களை அடுக்கினால் நீங்கள் பாட்டு போடும் நிலையத்துக்கு மாறிவிடுவீர்கள். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. இது வீட்டுக்கு வெளியே. படுக்கையறைக்குள் விடாமல் கேட்கும் சத்தம் 30, திடீர் சத்தம் 45, இதைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். டெசிபலில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. "பத்துதானே கூட" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி எனக்குப் பிடித்த விஷயம். சத்தம் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது?

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. நல்ல சுவர். பக்கத்து வீட்டுப் பேச்சில் ஏறக்குறைய ஐம்பது டெசிபலை அது விழுங்கிவிடும். பத்தடிக்குப் பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள், நூறு சதுர அடிச் சுவர். அதில் ஒரே ஒரு சதுர அடிக்கு ஒரு திறப்பு விடுங்கள். அவ்வளவுதான்; சுவரைக் கருங்கல்லால் கட்டியிருந்தாலும் இனி இருபது டெசிபலுக்கு மேல் அது தடுக்காது. நூற்றில் ஒரு பங்கு திறப்பு மீதி தொண்ணூற்றொன்பது பங்கையும் வீணாக்கிவிடும். ஏ.சி. குழாய்க்குப் போட்ட துளை, கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து, முழுசாக மூடாத ஸ்லைடிங் ஜன்னல் எல்லாம் திறப்புக் கணக்கில்தான் வரும். கொசு நுழையும் வழி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் லாரி ஹாரனும் நுழையும். வீடு பார்க்கப் போகும்போது கதவைச் சாத்திவிட்டு, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இது காற்றில் வரும் சத்தம். கட்டடத்தின் உடம்பு வழியாகவே வருகிற இன்னொரு வகை உண்டு, அதுதான் பொல்லாதது. மாடி வீட்டில் கிரைண்டர் ஓடும், நாற்காலி இழுப்பார்கள், இடிகல்லில் இஞ்சி தட்டுவார்கள். நடுவில் இருக்கும் கான்கிரீட் தளம் அவர்கள் பேச்சை நன்றாகவே தடுக்கும். ஆனால் தட்டலை அப்படியே கீழே இறக்கிவிடும்.

தாம்பரம் பக்கம் கடைசி மாடியில் ஒரு ஃப்ளாட். ஓய்வு பெற்ற தம்பதி, இன்னொருவரிடமிருந்து வாங்கியது. ராத்திரியில் தலைமாட்டில் "டொக்" என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "டொக்". அந்த அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது. ஊரிலிருந்து வந்த நாத்தனார் செய்வினை என்றே முடிவு கட்ட, விஷயம் வாசலில் எலுமிச்சம்பழம் வரைக்கும் போய்விட்டது. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ராத்திரி போய் மீட்டரை வைத்தேன். சராசரியைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சராசரி அப்படித்தான், திடீரென்று விழுகிற அடியை அது கரைத்துவிடும். தூக்கத்தைக் கலைப்பதோ அந்த அடி. டம்ளரை எடுத்தேன். வாய்ப்பக்கத்தைச் சுவரில் பதித்து, அடிப்பக்கத்தில் காதை வைத்தேன். கர்ர்ர்… டொக். லிஃப்ட்! மேலே இயந்திர அறை. ரப்பர் அட்டை ஒன்றும் கொடுக்காமல், இயந்திரத்தை நேரே தளத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். பிரேக் விழும்போதெல்லாம் அந்தப் படுக்கையறைச் சுவர்தான் அடி வாங்கியது.

திரும்பும்போது ஹாலில் டைல்ஸைப் பார்த்தேன். நான்கு கட்டில் கால் தடம், பழுப்பேறிப் போய். படுக்கையறையில் அப்படி ஒரு தடமும் இல்லை. விற்றவர் குடும்பம் ஹாலில்தான் படுத்திருக்கிறது, நேயர்களே! தெரிந்தேதான் விற்றிருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சொத்தில் உள்ள முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்கிறது. 108ஆம் பிரிவு வாடகைக்கு விடுபவருக்கும் அதையே சொல்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரியாத குறையாக இருக்க வேண்டும். சத்தம் என்ன மறைத்து வைக்கிற பொருளா, நின்று கேட்டிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்நியர் வீட்டுப் படுக்கையறையில் நின்று கேட்க யார் விடுவார்கள்? என்னைக் கேட்டால் இது மறைந்த குறைதான். 2016ஆம் ஆண்டின் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தால் கார்பெட் ஏரியா, வரைபடம், அனுமதிகள் எல்லாம் பொதுவில் வந்துவிட்டன. சத்தம் வரவில்லை. பிரான்சில் 2020 ஜூன் முதல், விமான நிலையங்களைச் சுற்றி வரையறுத்த ஒலி மண்டலங்களில் வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் விமான ஒலி பற்றிய ஒரு தாளை இணைத்தே ஆக வேண்டும். சென்னை விமான நிலையத்தை ஒட்டிய நம் பல்லாவரம், பம்மல் பக்கம் குடிபோகிறவருக்கு அப்படி ஒரு தாள் கிடைத்தால் எப்படி இருக்கும்!

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சட்டென்று சொல்லிவிடுகிறேன். வீட்டை ஒரு தடவை ராத்திரி பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள், ஃபேனை நிறுத்தச் சொல்லி. தெருவில் இஸ்திரி போடுபவரிடம், ஆடி மாதம் குழாய் ஸ்பீக்கர் எந்தக் கம்பத்தில் கட்டுவார்கள் என்று கேளுங்கள். வாட்ச்மேனிடம், மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார் என்று கேளுங்கள். ஃபோனில் உள்ள டெசிபல் செயலி துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு வீட்டை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுதுவதுதான் எழுதுகிறோம், லிஃப்ட், மோட்டார், பக்கத்துக் கல்யாண மண்டபம் பற்றி வீட்டுக்காரர் சொன்னதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். ரெரா இணையப் பக்கத்திலும் ஒருநாள் கார்பெட் ஏரியாவுக்குக் கீழே 'படுக்கையறை, இரவு, இத்தனை டெசிபல்' என்று ஒரு வரி வரட்டும். அளந்து கொடுக்க எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.