கேமரா தானாகச் சாட்சி சொல்லாது



நீதிபதிகளுக்குத் தொழில்நுட்பம் தெரியுமா என்று பத்திரிகைகள் அவ்வப்போது கேட்கின்றன. காணொலி விசாரணையில் நடக்கும் தடுமாற்றம் சிரிப்புத் துணுக்காகிறது. நமக்கு அது துணுக்கு அல்ல. ஊரே வாய்மூடிக்கொள்ளும் சாதிக் கொலை வழக்குகளில் நம் பக்கம் மிஞ்சும் சாட்சி பல நேரம் ஒரு கேமராதான். அதை நீதிமன்றம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது நம் உயிர்ப் பிரச்சினை.

கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியுடன் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. தோழி பிறழ்சாட்சியானார். உயர் நீதிமன்றம் கோயில் பதிவைப் போட்டுக் காட்டியபோதும், அதில் இருப்பது தான் அல்ல என்றார். ஊடகங்களில் அதுவே பெரிதாக ஓடியது. நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் அந்தக் கோயிலுக்கே போய், கேமராக்கள் இருந்த இடங்களை நேரில் பார்த்தார்கள். அந்த ஜூனில், 10 பேரும் குற்றவாளிகள் என்பதை உறுதி செய்தார்கள். சாட்சி பிறழ்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். பதிவு எப்படி நின்றது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

உடுமலை சங்கர் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் வெட்டப்பட்டார். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. பார்த்தவர்கள் வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்தது. ஐந்து பேரின் தூக்கு ஆயுளானது. வெட்டியது படத்தில் இருந்தது. சதி என்ற குற்றச்சாட்டைப் படத்தால் மட்டும் நிரூபிக்க முடியாது. காட்சியை ஓயாமல் ஓட்டியவர்கள் இந்த வித்தியாசத்தையும் மக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

பதிவின் நகல் நீதிமன்றத்தில் ஏற, சான்றிதழ் வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2014-இலும் 2020-இலும் இதை வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு. கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் நிபுணர் மறு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் என்ற எண்ணையும் குறிக்க வேண்டும். அது பதிவின் கைரேகை மாதிரி. கோப்பில் சிறிது மாற்றினாலும் எண் மாறிவிடும்.

சங்கரன்கோவிலிலும் கோயில் வாசல், பேருந்து நிலையம், கடைத்தெரு என எங்கும் கேமராக்கள். சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஆகவே வன்கொடுமை நடந்த அன்றே, இன்னின்ன இடத்துப் பதிவைக் கைப்பற்றுங்கள் என்று காவல்துறைக்கு மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ(10) பிரிவு, நீதிமன்ற நடவடிக்கைகளையே காணொளியாகப் பதிய வேண்டும் என்கிறது. அதையும் கேளுங்கள்.

இதழியல் படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த வழக்கில் சாட்சி அழுததை எழுதும்போது, சான்றிதழ் தாக்கலானதா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

ஜெய்பீம்.