இசைச் செல்வத்தைச் சேமிக்கும் முறை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கணினியோடு இசைக்கருவிகளை இணைத்து, கச்சேரி மேடையின் அருகே அமர்ந்திருப்பது போன்ற தெளிவோடு பாட்டுக் கேட்கும் வழக்கம் இன்று நம்மவர் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. ஒலிபெருக்கி எது சிறந்தது, ஸ்பீக்கர் எது சிறந்தது, எண்களை ஒலியாக மாற்றும் கருவி எது சிறந்தது என்று பலநாள் ஆராய்ந்து வாங்குகின்றோம். ஆயின், அக்கருவிகளுக்கு உணவாகிய இசைக் கோப்புகளை எவ்வாறு சேமிப்பது என்பதை அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. கருவி பழுதுற்றால் கடையில் வேறொன்று கிடைக்கும். அழிந்த குரல் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆதலின் அதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வந்து வாழும் இம்மைசூரை ஆண்ட ஜயசாமராஜ உடையார், கருநாடக இசையில் 94 கீர்த்தனைகள் இயற்றியவர். மேனாட்டு இசையிலும் தோய்ந்தவர். அவரிடம் ஏறத்தாழ 20,000 இசைத்தட்டுகள் இருந்தனவென மதிப்பிட்டனர். செருமானிய இசைமேதை ரிச்சர்டு ஸ்டிராஸ் 1949-இல் மறைந்தார். தம் இறுதிக் காலத்தில் அவர் இயற்றிய நான்கு பாடல்கள், 1950 மே 22 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் அம்மையார். அந்நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் அளித்தவர் நம் மைசூர் மன்னரே. நேரிற் செல்ல இயலாத அவர், அதனைத் தட்டில் பதிந்து மைசூருக்கு அனுப்ப வேண்டுமென்று விரும்பினார்.

அவ்வாறு பதிந்த அசிட்டேட்டுத் தட்டுகள் நாளடைவில் பெரிதும் தேய்ந்துபோயின. பிற்காலத்தில் அவற்றிலிருந்து எடுத்த முதல் எல்.பி. இசைத்தட்டு கேட்போர் மனத்தை நிறைவிக்கவில்லை. 2007-இலும் 2014-இலும் கணினியின் துணைகொண்டு செப்பனிட்டனர். அதன் பின்னரே அவ்வரங்கேற்றத்தைச் செவ்வையாகக் கேட்க முடிந்தது. மன்னரின் செல்வத்தாலும் தட்டின் தேய்வைத் தடுக்க இயலவில்லை!

தட்டின் இயல்பு அத்தகையது. ஊசி உராய்ந்தாலன்றி ஒலி எழாது; உராய்ந்தால் தேயாமலிராது. ஒலிநாடாவிலோ, படிக்குப் படி இரைச்சல் மிகும். எண்ணியல் முறையில் இக்குறை நீங்கியது. ஒலியை அளந்து எண்களாக எழுதி வைக்கின்றோம். எண்களைப் பிழையின்றிப் படியெடுத்தால், நூறாவது படியும் முதற்படியும் ஒன்றே.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில், ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்படுகின்றது. ஓர் அளவுக்கு 16 பிட் வீதம், இடமும் வலமும் சேர்ந்து ஒரு மணி நேர இசைக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் வேண்டும். வழக்கமான 128 கிலோபிட் எம்.பி.3 கோப்புக்கு இதில் பதினொன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் அச்சிக்கனம், செவிக்கு எட்டாது என்று கணித்த ஒலிகளைக் களைந்து பெற்றதாகும். களைந்தது களைந்ததே, மீண்டு வாராது. 2001-இல் வெளிவந்த ஃபிளாக் என்னும் முறையோ, பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைப்பதை ஒக்கும். இடம் ஏறத்தாழப் பாதியாகும். விரித்தால் ஓரிழையும் குறையாது. எனவே மூலப்படியை ஃபிளாக் முறையிலேயே வைத்தல் வேண்டும். கைப்பேசிக்கு வேண்டுமாயின் அதிலிருந்து எம்.பி.3 படி எடுத்துக்கொள்ளலாம். எம்.பி.3 கோப்பை ஃபிளாக்காக மாற்றுவதால் பயன் யாதும் இல்லை. கரும்புச் சக்கையைப் பட்டில் பொதிந்து வைத்தால் சாறு ஊறுமோ?

அடுத்து, வைக்குமிடம். கணினியின் வன்தட்டு முன்னறிவிப்பின்றி ஒருநாள் நின்றுவிடக்கூடும். ஆதலின் மூன்று படிகள் வேண்டும்; அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும்; ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். விஜயநகர் இல்லத்தில் இரண்டும், சொந்த ஊரில் அண்ணன் வீட்டில் ஒன்றும் இருப்பின், ஓரிடத்தில் நேரும் தீயோ வெள்ளமோ மற்றொன்றைத் தீண்டாது. ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்தலும் இன்றியமையாதது. ஃபிளாக் கோப்பினுள் மூல ஒலியின் கணக்குத் தொகை ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது; கணினி அதனை மீண்டும் கூட்டிப் பார்த்து, கோப்பு சிதைந்துள்ளதா என்று கூறிவிடும்.

மூன்றாவது, பெயர் பொறித்தல். இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு இதன் அருமை நன்கு தெரியும். விலாசம் இல்லாத பார்சல், பொருள் எத்துணை உயர்ந்ததாயினும், உரியவரைச் சென்றடைவதில்லை. பாடியவர் பெயர், இடம், நாள் ஆகியவை இல்லாத கோப்பும் அத்தகையதே. 1902-இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான் அம்மையார், பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லுவார். தட்டுகள் செருமனியின் ஹானோவர் நகரில் அச்சாயின; அங்குள்ள தொழிலாளர்க்குப் பாடியவர் இன்னார் என்று தெரிய வேண்டுமல்லவா? அவ்வம்மையார் 1928-இல் மைசூர் அரண்மனைப் பாடகியாக வந்து, 1930-இல் இந்நகரிலேயே மறைந்தார். அவர் சொன்ன பெயர் இன்றும் அக்குரலோடு வாழ்கின்றது.

அன்பர்களே! திரைப்பாட்டும் கச்சேரியும் தொலைந்தால் மறுபடியும் விலைக்கு வாங்கலாம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகளைப் பற்றியே நாம் கவல்கின்றோம். பாட்டியார் பாடிய தாலாட்டு, தந்தையார் ஓதிய தேவாரம், திருமணத்தில் முழங்கிய நாதஸ்வரம், இங்கு முதன்முதல் குடிவந்தோர் பேசிய ஊர்ப்பேச்சு — இவற்றுக்கு உலகில் ஒரே ஒரு படிதான் உண்டு. அதுவும் பூசணம் பிடிக்கின்றது. அதனை ஒலிக்கச் செய்யும் கருவிகளும் அவற்றைச் செப்பனிடுவோரும் ஆண்டுதோறும் அருகி வருகின்றனர். கன்னடமும் ஆங்கிலமும் பயின்று வளரும் நம் பேரக்குழந்தைகள், தம் குலத்து மூத்தோரின் தமிழை வேறெங்குச் சென்று கேட்பர்?

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். நல்ல நிலையிலுள்ள கேசட் கருவி ஒன்றையும், இரண்டு வன்தட்டுகளையும் சங்கத்தின் பொறுப்பில் வாங்குவோம். உறுப்பினர் தம் கேசட்டுகளைக் கொணர்க. நொடிக்கு 96,000 அளவு, 24 பிட் என்னும் உயர்ந்த முறையில் பதிந்தாலும், அறுபது நிமிடக் கேசட் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கிகாபைட்டே ஆகும். ஒரு டெராபைட் வன்தட்டில் நானூற்றுக்கு மேற்பட்ட கேசட்டுகள் அடங்கும். பதிந்தபின் கேசட்டும் ஒரு படியும் உரியவரிடமே சேரும். அவர் இசைந்தால் மட்டுமே சங்கத்தில் ஒரு படி இருக்கும். கேசட்டோடு ஒரு தாளில் யார் குரல், எவ்வூர், எந்த ஆண்டு என்று எழுதித் தருக. அவ்விவரம் அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும். கேசட்டைக் காட்டிலும் விரைவில் மறைவது நினைவேயாகும்.

அடுத்த ஆண்டு விழாவில், இம்மேடையில் அம்மூத்தோர் குரல்களுள் சிலவேனும் தெளிவாக ஒலித்தல் வேண்டும் என்பதே நம் அவா. அதற்கு ஒத்துழைப்பு நல்குமாறு அனைவரையும் வேண்டுகின்றோம்.