ஆறிய மீனும் அடுக்களைக் காவலும்

(கொல்கத்தாத் தமிழன்பர்களிடையே, சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் அடுக்களையைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்பளித்திருக்கிறார்கள். பொருள் சிறிதாகத் தோன்றலாம்; ஆயினும் நம் இல்லங்களில் அடிக்கடி எழும் வினா அது. காலையில் சமைத்த மீனையும் இறாலையும் மேசைமீது மூடி வைத்து, மாலையில் உண்ணலாமா?

“நேற்று வைத்த மீன் குழம்புக்கே சுவை அதிகம்” என்பது நாம் ஊரிலிருந்து உடன் கொண்டுவந்த கொள்கை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. புளி கிருமிகளின் வளர்ச்சியை ஓரளவு தடுக்கும். நம் பாட்டிமாரும் குழம்புச் சட்டியை இரவில் ஒருமுறை, காலையில் ஒருமுறை கொதிக்க வைத்தார்கள். ஆனால் வறுத்த மீனுக்கும், வேகவைத்து உரித்த இறாலுக்கும் புளியின் காவல் இல்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த வங்காளத்துக் கோடையில் அவற்றை நாலைந்து மணி நேரம் வெளியே வைப்பது, பகைவனுக்குக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

“நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடுமே!” என்று கேட்பீர்கள். 1950ஆம் ஆண்டு ஜப்பானில் ஒசாகா நகர்ப்புறத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். கொதிநீரில் வேகவைத்து அரைகுறையாக உலர்த்திய சிறு மீன்களை உண்டவர்களில் 272 பேர் நோயுற்றனர்; 20 பேர் இறந்தனர். காரணத்தை ஆராய்ந்த புஜினோ என்னும் அறிஞர், அதுவரை அறியப்படாத ஒரு கிருமியைக் கண்டார். ‘விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்’ என்று இன்று வழங்கும் அது, காலராக் கிருமியின் உறவினம். கடல்நீரிலும் கழிமுகத்திலும் வாழ்வது.

நம் நகருக்கும் இக்கதையில் பங்குண்டு. 1996 பிப்ரவரி முதல் கொல்கத்தாவின் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம் இக்கிருமியின் ‘ஓ3:கே6’ என்னும் வகை திடீரென மிகுதியாகக் காணப்பட்டது. பின்னர் அது ஆசியாவின் பிற நாடுகளிலும் அமெரிக்காவிலும் தலைகாட்டியது.

இக்கிருமி கொதிநிலையில் மடியும் என்பது மெய். ஆனால் பச்சை மீனை நறுக்கிய கத்தியும் பலகையும் கையும், வெந்த மீனுக்கு அதனைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். உடற்சூட்டை ஒத்த வெப்பத்தில் இது சுமார் பத்து நிமிடத்தில் இரட்டிக்க வல்லது. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒன்று, இரண்டு மணி நேரத்தில் 4,096 ஆகும், மூன்று மணி நேரத்தில் 2,62,144 ஆகும்!

“உண்ணுமுன் மறுபடி சுடவைத்தால் போதாதா?” என்பது அடுத்த வினா. எப்போதும் போதாது. நம் தோலிலும் மூக்கிலும் வாழும் ‘ஸ்டாபிலோகாக்கஸ்’ என்னும் கிருமி, ஆறிய உணவில் பெருகி ஒரு நஞ்சைக் கக்குகிறது. கிருமி சூட்டில் சாகும், நஞ்சு சாகாது. சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களைச் சமைக்குமுன்பே வெப்பத்தில் கிடத்தினால் ‘ஹிஸ்டமின்’ உண்டாகி, உண்டவருக்கு முகம் சிவந்து தலை வலிக்கும். அதையும் அடுப்பு நீக்காது. இவ்விரு நஞ்சும் மணத்தாலோ சுவையாலோ தம்மைக் காட்டிக்கொள்ளாமலும் இருக்கக்கூடும். ஆகவே முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் வழக்கம் நமக்குத் துணை செய்யாது.

பின் செய்யத்தக்கது யாது? உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் விதி எளியது. சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கட்டும். அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கட்டும். இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்தல் ஆகாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரமே எல்லை என்று அமெரிக்க அரசின் அறிவுரை கூறுகிறது. பெரிய பாத்திரத்தை அப்படியே குளிர்பெட்டியில் நுழைக்காமல், அகன்ற சிறு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். பச்சை மீனுக்குத் தனிப் பலகை வையுங்கள். மீண்டும் உண்ணும்போது நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஹவுராவிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடும் பயணத்திற்கு மீன் வறுவலைப் பொட்டலம் கட்டாதீர்கள். புளிச்சோறும் இட்லி மிளகாய்ப்பொடியும் இருக்கின்றனவே!

தாய்மார்களுக்கு ஒரு சொல். மிஞ்சியதைக் குப்பையில் கொட்ட மனம் வராமல், பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் அஞ்சி, “வீணாகப் போகிறதே” என்று தாமே உண்பவர்கள் நீங்கள். அந்தச் சிக்கனத்தை நான் வணங்குகிறேன். ஆனால் சிக்கனம் தொடங்க வேண்டிய இடம் உலைவைக்கும் அடுப்பு; எஞ்சிய சட்டியன்று. அளவாகச் சமையுங்கள், மிஞ்சுவதை உடனே எடுத்து வையுங்கள். நேரம் கடந்துவிட்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். நீங்கள் படுத்தால் வீடே படுத்துவிடும். நான்கு துண்டு மீனின் விலை அதற்கு ஈடாகுமா?

இன்றைய விருந்தில் உழைக்கும் தொண்டர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள். பந்திக்குப் பந்தி சூடாகப் பரிமாறுங்கள். எஞ்சியதை மாலைவரை வைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்காதீர்கள். விருந்தோம்பலின் நிறைவு, விருந்தினர் நலமாக வீடு சேர்வதில் இருக்கிறது.