வண்டிகளின் ஆயுட்காலம்



புதிய ரயிலைப் பற்றி மகிழ்ந்து பேசக் கூடியிருக்கும் இந்தச் சபையில், ஓய்ந்துபோன பழைய ரயில்களைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது மங்கலமான காரியமன்று என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்த அபிப்பிராயத்தை நான் குறை கூற மாட்டேன். வைணவப் பெரியாராகிய திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் இந்தப் பூந்தமல்லி. பூ எடுத்துக்கொண்டு காஞ்சி வரதனுடைய சந்நிதிக்கு அவர் நடந்தே போய் வந்தார் என்பது ஐதீகம். அவருக்குப் பின் எத்தனையோ தலைமுறைகள் சென்றும், கும்பினியார் காலத்துப் பட்டாளம் இங்கே தங்கியிருந்தும், ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வாய்த்த இருப்புப்பாதை பூந்தமல்லிக்கு வாய்க்கவேயில்லை. கால்நடை, மாட்டுவண்டி, பிறகு பஸ் என்றே நம்முடைய பிரயாணம் நடந்துவந்தது. இப்படிப்பட்ட ஊருக்குள் ரயில் வருகிறது என்றால், அதன் முன்னால் தேங்காய் உடைக்க வேண்டுமே தவிர, அதன் முதுமையை எடுத்துச் சொல்லலாமா என்று கேட்பவருக்கு உலக வழக்கு துணை நிற்கிறது.

ஆனாலும் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26 கிலோமீட்டர் நீளும் சென்னை மெட்ரோவின் நான்காவது வழித்தடத்துக்காக, வண்டிக்கு மூன்று பெட்டிகளாகக் கோத்த 26 வண்டிகள், ஆக 78 பெட்டிகள், 2022-ஆம் ஆண்டில் அல்ஸ்டாம் கம்பெனியிடம் கோரப்பட்டன. ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் அவை உருவாயின. முதல் வண்டி 2024 அக்டோபரில் நம்முடைய பூந்தமல்லி டெப்போவில் வந்து இறங்கியது. 2025 மார்ச் 20-ஆம் தேதி இங்கிருந்து முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டமும் நடந்தது. ஓட்டுநர் இல்லாமலே ஓடத்தக்க வண்டிகள் அவை என்பதைக் கேட்டு நம் வீட்டுப் பிள்ளைகள் வியந்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள். இந்த 26 வண்டிகளும் என்றைக்குக் கிழடாகும், அதை யார் கண்டு சொல்லுவார், மாற்று வண்டி வாங்கும் பணம் அன்றைக்கு எவர் பெட்டியில் இருக்கும் என்பதே என்னுடைய கேள்வி. அதைக் கேட்பதற்கு உரிய காலம், வண்டி புத்தம்புதிதாக நிற்கும் இந்தக் காலந்தான் என்பது என் துணிபு.

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் சென்னையிலேயே, வில்லிவாக்கத்தையும் பெரம்பூரையும் ஒட்டி, 1955 அக்டோபர் 2-ஆம் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு அவர்களால் திறந்துவைக்கப்பட்டு, ஸ்விட்சர்லாந்து தேசத்தாரின் தொழில் உதவியோடு தொடங்கிய ஐ.சி.எப். ரயில்பெட்டித் தொழிற்சாலையை அறியாதவர் இந்தச் சபையில் இருக்க முடியாது. அங்கே ஷெல் பிரிவிலோ பர்னிஷிங் பிரிவிலோ உழைத்து ஓய்வுபெற்றவர்கள் முன்வரிசையிலேயே இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. இந்தியாவின் முதல் சுரங்க ரயிலுக்குரிய பெட்டிகள் அந்த ஐ.சி.எப்.பில்தான் பிறந்தன. 1972-இல் இந்திரா காந்தி அம்மையார் அடிக்கல் நாட்டிய கல்கத்தா மெட்ரோ, பன்னிரண்டு வருஷ வெட்டுக்கும் தோண்டலுக்கும் பிறகு, 1984 அக்டோபர் 24-ஆம் தேதி எஸ்பிளனேடு முதல் பவானிப்பூர் வரை வெறும் மூன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு ஓடத் தொடங்கியபோது, அந்தப் பாதாள வழியில் முதலில் உருண்டவை நம்மவர் கைபட்ட சக்கரங்கள்.

அந்த வண்டிகளுக்குக் குளிர்சாதன வசதி கிடையாது. நிலையங்களிலும் சுரங்கத்திலும் குளிர்ந்த காற்றைச் செலுத்தி, ஜன்னலைத் திறந்துவைத்து, தலைக்கு மேல் மின்விசிறியைச் சுழலவிட்டு, அதுவே போதுமென்று அந்நாளில் கருதினார்கள். அன்றைய ஜனத்தொகைக்கு அது போதியதாகவும் இருந்தது. பாதை நீண்டு, கூட்டம் பெருகி, பெட்டிக்குள் மூச்சு முட்டிய காலத்தில், 2010-ஆம் ஆண்டு குளிர்சாதன வண்டிகள் வந்து சேர்ந்தன. அவையும் பெரம்பூர்த் தயாரிப்பே. ஆனால் பழையவை அன்றே ஓய்ந்துவிடவில்லை. புதியதும் பழையதும் அடுத்தடுத்து ஓடும்படியாக மேலும் பதினொரு வருஷம் கழிந்து, 2021-இல் அதே அக்டோபர் 24-ஆம் தேதியன்றுதான் பழைய வகை வண்டிகளுக்கு விடைகொடுத்தார்கள். புறநகர் மின்வண்டிப் பெட்டிக்கு ரயில்வே இலாகா வகுத்த ஆயுள் 25 வருஷம் என்பதையும், அந்த வகை வண்டி கல்கத்தாவில் 37 வருஷம் நின்று பணி செய்தது என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நம் ஊர்த் தொழிலாளியின் வேலைத்திறத்தை எண்ணிப் பெருமைப்படுவதா, மாற்று வண்டி வரத் தாமதித்த நிர்வாகத்தை எண்ணி வருந்துவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் இடமிருக்கிறது.

புதியது வந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுகிறவர்கள் கல்கத்தாவின் பிற்கால சரித்திரத்தைச் சற்றுப் படிக்கவேண்டும். 2018 டிசம்பரில், குளிர்சாதன வண்டியொன்று சுரங்கத்தினுள் தீப்பற்றிப் புகை சூழ்ந்து நின்றபோது, உள்ளே அகப்பட்ட ஜனங்கள் பட்ட பாட்டைப் பத்திரிகைகள் விவரமாய் எழுதின. மறு வருஷம் ஜூலையில், புதிதாக ஓடத் தொடங்கியிருந்த ஒரு வண்டியின் கதவிடுக்கில் கை சிக்கி, வண்டி நகர்ந்துவிட்டதால், முதியவர் ஒருவர் உயிரிழந்தார். கதவில் பொருளோ கையோ தடைப்பட்டால் வண்டி புறப்படலாகாது என்பது எல்லா மெட்ரோக்களிலும் முதல் பாடம். அந்தப் பாடம் புதிய வண்டியிலேயே தவறிற்று. சீன தேசத்து டேலியன் நகரத்திலிருந்து 2019-இல் கப்பலேறி வந்த வண்டியோ, பரீட்சை மேல் பரீட்சையாக நடத்தப்பட்டு, 2023-இல்தான் பிரயாணிகளை ஏற்றியது. வாங்கிய வண்டி ஊருக்குள் வந்து நின்ற பிறகும் நான்கு வருஷம்! கதவுப் பரீட்சையை இப்படிப் பொறுமையாகச் செய்வதை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த நான்கு வருஷத்தையும் முன்கூட்டியே கணக்கில் வைக்காமல், பழைய வண்டியின் முதுகில் அந்தச் சுமையையும் ஏற்றியதைத்தான் குறைசொல்லுகிறேன். ஐப்பசி மழையில் கூரை ஒழுகத் தொடங்கிய பின்பு ஓட்டின் விலையை விசாரிக்கக் கிளம்புகிற குடும்பத் தலைவனைப் போல நகரங்கள் நடந்துகொள்ளலாகாது.

நம் சென்னையும் இந்த விஷயத்தில் பாடம் படித்த ஊர்தான், ஆனால் படித்ததை மறந்த ஊர். 1895-ஆம் ஆண்டில், பாரத தேசத்திலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது சென்னை வீதிகளில். அந்தக் கம்பெனி நலிந்து, 1953-இல் வண்டிகள் நின்றபோது, கிழட்டு வண்டிக்குப் பதில் புது வண்டி வாங்க எவரும் முன்வராததால், வண்டியோடு பாதையும் போயிற்று, பாதையோடு பழக்கமும் போயிற்று. இன்று எழுபது கடந்தவர்களுக்குக்கூட டிராம் கேள்விப்பட்ட கதைதான். மாறாக, 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய எலெக்ட்ரிக் டிரெயின் என்ன ஆயிற்று? 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் பிறந்த அது, 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்குப் பாதை மாறியபோது புது வண்டிகளைப் பெற்றது. 2004-இல் மீட்டர் கேஜே மறைந்து அகலப்பாதையானபோது மறுபடியும் புது வண்டிகளைப் பெற்றது. 2025 ஏப்ரலில் பீச்–செங்கற்பட்டுத் தடத்தில் குளிர்சாதனப் புறநகர் வண்டியும் வந்தது. பெயரும் தடமும் நிலைத்திருக்க, வண்டிகள் மட்டும் தலைமுறை தலைமுறையாய் மாறிவந்ததனால், தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகியும் தாம்பரத்து ஜனங்களுக்குப் பயணம் நின்றுபோகவில்லை. டிராம் மறைந்ததற்கும் மின்வண்டி நிலைத்ததற்கும் காரணங்கள் பலவாயினும், காலத்தில் வண்டியை மாற்றியது அவற்றுள் முதன்மையானது என்பது என் கருத்து.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழலாம். பழையதெல்லாம் பழுதா? இல்லை. லண்டன் பாதாள ரயிலுக்கு 1938-இல் செய்த வகைப் பெட்டிகள், லண்டனில் 1988 வரை ஓடி, அதன்பின் தெற்கே ஒயிட் தீவுக்குப் போய், அங்கே தலை தட்டும் தாழ்ந்த சுரங்கமொன்றில் நுழைய வேறு வண்டி பொருந்தாமையால், 2021 ஜனவரி வரை ஓடின. நியூயார்க் நகரத்தாரோ, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், வயதேறிய சிவப்புநிறச் சுரங்கப் பெட்டிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைப் படகேற்றி, அட்லாண்டிக் கரையோரக் கடலில் மூழ்கடித்து, மீன்கள் குடியிருக்கச் செயற்கைப் பாறைகளாக்கினார்கள்! ஒரே வயதுக்கு ஓரிடத்தில் வேலையும், மற்றோரிடத்தில் ஜலசமாதியும் கிடைக்கிறது. ஆகையால் வருஷக்கணக்கு மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரும்புப் பகுதி துருப்பிடித்ததா, மோட்டாருக்கு உதிரிபாகம் செய்கிறவன் கடையைக் கட்டிவிட்டானா, மாதத்துக்கு எத்தனை முறை வழியில் நின்றது, கதவு எத்தனை தடவை திறக்க மறுத்தது என்ற கணக்குத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும். அந்தக் கணக்கு டெப்போவின் பதிவேட்டில் இருக்கிறது. ஜனங்களின் கண்ணுக்கு அது தென்படுவதில்லை.

நம்முடைய வண்டிகளுக்கு முப்பது வருஷ ஆயுள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 2024-இல் வந்தது 2054-இல் ஓயவேண்டும். வரைபடம், டெண்டர், கட்டுமானம், பரீட்சை என்று குறைந்தது எட்டுப் பத்து வருஷம் பிடிக்குமானால், மாற்று வண்டியைப் பற்றிய முடிவு 2044-இல் ஆகவேண்டும். இப்போது முல்லைத்தோட்டத்துப் பள்ளியில் முதல் வகுப்புப் படிக்கும் குழந்தை, அன்று இந்தத் தடத்திலேயே வேலைக்குப் போகும் வயதில் இருக்கும். அதன் பயணத்துக்கு வேண்டிய பணத்தைச் சேமிக்கத் தொடங்கும் கடமை நம்முடைய தலைமுறையைச் சார்ந்தது. பயணக்கட்டணத்தில் ஒரு பகுதியை, வேறு செலவுக்குக் கைவைக்க இயலாத தேய்மான நிதியாக முதல் நாளிலிருந்தே ஒதுக்காவிட்டால், அன்றைய நிர்வாகி கடன் வாங்கி ஓடவேண்டிவரும். கடன் கிடைக்காத ஆண்டுகளில் பழைய வண்டியையே ஓட்டவேண்டிவரும்.

மூன்று பெட்டி போதுமா, ஆறு வேண்டாமா என்று கேட்பவர்களிடம் நான் விவாதத்துக்கு வரவில்லை. கூட்டம் வந்து சேரட்டும், அந்தப் பேச்சு தானே எழும். ஆனால் பராமரிப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் இறங்கமாட்டேன். ஆவடி கார் ஷெட்டில் இரவெல்லாம் மின்வண்டிகளின் அடியில் படுத்துப் பழுது பார்க்கும் தொழிலாளிகளை நாம் எந்த விழாவிலும் மேடையேற்றியதில்லை. பூந்தமல்லி டெப்போவுக்கும் அத்தகையவர் வேண்டும். அவர்கள் நம் சுற்றுவட்டாரத்து ஐ.டி.ஐ.களில் படித்த பிள்ளைகளாக இருந்தால், வண்டியின் ஆயுளும் நீளும், இந்த ஊருக்குப் பிழைப்பும் உண்டாகும்.

ஆகையால், தலைவர் அவர்களின் அனுமதியோடு ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். பூந்தமல்லித் தடத்து வண்டி ஒவ்வொன்றும் எத்தனை முறை பழுதாகி நின்றது, என்ன செலவாயிற்று என்ற விவரத்தை ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு நிலையங்களில் வைக்கவும், மாற்று வண்டிக்கான நிதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி அதன் இருப்பை ஜனங்களுக்கு அறிவிக்கவும், டெப்போப் பணிகளில் இவ்வட்டார இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் சென்னை மெட்ரோ நிர்வாகத்தை இந்தச் சபை கேட்டுக்கொள்கிறது என்பதே அதன் வாசகம். எழுதிய படியைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். திருத்தம் சொல்ல விரும்புவோர் இப்போதே எழுந்து சொல்லலாம்.