பேரேட்டிலே ஒரு பெயர்

அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய சம்பளமே அங்கே பேர். பறித்த கொழுந்து நிறுவையிலே குறைந்தால் அரைப்பேர். காலையிலே பெரட்டுக்களத்தில் ஆள் பிரித்து, 'செக்ரோல்' என்னும் பேரேட்டிலே கணக்கெழுதுவர். அதிலே பேர் விழாவிட்டால் அன்றைய உழைப்பு வீண்.

கூலிக்கெனத் தோன்றிய அவ்வேடு ஒருகால் குடியுரிமைக்கும் சாட்சி சொல்ல நேர்ந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பிக்கக் கோரிற்று. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சென்றன. அவற்றில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கும் மேல். உரிமை பெற்றவரோ சுமார் 1,34,000 பேரே. 'கறுப்பாயி' என்ற பெயரை ஒரு கிளாக்கர் ஆங்கிலத்திலே ஒருவிதமாக எழுதுவார். அடுத்தவர் வேறுவிதமாக எழுதுவார். லயத்திலே இருந்தவள் ஒருத்திதான். ஏட்டிலோ அவள் இருவராகிவிட்டாள்!

இன்று தோட்டக் காரியாலயங்களிலே கணினி வந்துவிட்டது. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் 'எக்செல்' ஏட்டிலே வைத்து ஒப்பிடச் சிறு நிரல் ஒன்று எழுதலாம்; அதற்கு 'மக்ரோ' என்று பெயர். அது செய்வது கணக்கப்பிள்ளை செய்த வேலையேதான். இரு பட்டியல்களையும் ஒரே வரிசையில் அடுக்கி, இரண்டிலும் விரல் வைத்து இறங்கிச் செல்வதாக எண்ணிக்கொள்ளலாம். இலக்கங்கள் ஒத்தால் புதிய விவரம் பழைய வரியிலே ஏறும். பழையதிலே இல்லாதது புதிய ஆள். புதியதிலே இல்லாதது விலகியவராகவும் இருக்கலாம், விடுபட்டவராகவும் இருக்கலாம். ஆதலால் அதை அழித்தல் கூடாது.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதிலேதான் சிக்கல். ஒரே டிவிசனிலே ஒரே பெயருடைய பெண்கள் பலர் இருப்பர். ஆகவே பெயர் உதவாது. அடையாள அட்டை இலக்கம் உதவும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள். ஆயினும் புதியது பழையதன் விரிவே. எழுத்தை நீக்கி, முன்னே 19 சேர்த்து, பிறந்த ஆண்டையும் நாளையும் குறிக்கும் முதல் 7 இலக்கங்களின் பின் ஒரு சுழியம் இட்டால் பழையது புதியதாகிவிடும். உதாரணமாக 651234567 என்பது 196512304567 ஆகும். இம்மாற்றத்தை முதலிற் செய்யாத மக்ரோ ஒரே தொழிலாளியை இரு வரியிலே நிறுத்தும். கறுப்பாயியின் பழைய கதைதான் அது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு அப்போது இரண்டாகப் பிளவுபடும்.

இலக்கம் ஒத்துப் பெயர் ஒவ்வாத வரிகளும், பெயர் ஒத்து இலக்கம் ஒவ்வாத வரிகளும் மிஞ்சும். எவ்வளவு திறமையான மக்ரோவுக்கும் அவற்றைத் தீர்க்கும் அதிகாரம் கொடுப்பது தகாது. அவற்றை மூன்றாவது தாளிலே தனியே ஒதுக்கிவைக்க வேண்டும். மாலையிலே கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அத்தாளைக் கொண்டுபோய், உரியவளிடமே, "அம்மா, அட்டையிலே இருக்கிறது உங்கள் பேர்தானா?" என்று கேட்டுத் திருத்த வேண்டும்.