அல்லாதார் என்னும் பெயர்

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தம் செய்யப்பட்ட நம்மவரைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் கொண்டுவந்து சேர்த்தது. நமக்குக் கூலி என்றால் உழைப்புக்குப் பெறும் ஊதியம். அங்கோ அது ஆளுக்கே பெயராகி, பிற்காலத்தில் வழக்குரைக்கச் சென்ற காந்தியடிகளையும் 'கூலி பாரிஸ்டர்' ஆக்கிவிட்டது.

1950இல் அந்நாட்டு அரசாங்கம் ஒவ்வொரு பிரஜையையும் இன்ன இனத்தவர் என்று பேரேட்டில் பதியச் சட்டம் செய்தது. இன்னார் என்று சந்தேகம் எழுந்தால், உத்தியோகஸ்தர் அவர் தலைமயிரில் ஒரு பென்சிலைச் செருகித் தலையை ஆட்டச் சொல்வாராம். பென்சில் விழுந்தால் வெள்ளையர், சிக்கி நின்றால் வேறு. ஒரு வயிற்றுப் பிள்ளைகளே இரண்டு இனமாகப் பிரிந்துபோனதும் உண்டு. இவ்விதம் விலக்குண்ட அனைவருக்கும் பொதுவாகக் கிடைத்த பெயர், 'வெள்ளையரல்லாதார்'. மாமரத்தைக் காட்டிப் 'பலா அல்லாதது' என்று சொல்லி நிறுத்திக்கொள்வாரும் உண்டோ?

இந்த 'அல்லாதார்' என்பதை 1970இல் உதறியவர்கள், மருத்துவ மாணவரான ஸ்டீவ் பைக்கோவும் அவருடைய மாணவர் சங்கத்துத் தோழர்களும் ஆவர். தங்களைக் 'கறுப்பர்' என்றே அவர்கள் அழைத்துக்கொண்டனர். ஆனால் அவர்கள் அச்சொல்லுக்குக் கொடுத்த பொருள் தோலின் நிறமன்று. சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒடுக்கப்பட்டு, அவ்வொடுக்குதலை எதிர்த்து ஒன்றுபட்டு நிற்கும் ஆப்பிரிக்கரும் இந்தியரும் கலப்பினத்தாரும் யாவரும் அதில் அடங்குவர். வெள்ளையரை எஜமானே என்று விளித்து அவர்தம் போலீஸில் ஊழியம் செய்பவனோ, மேனி எத்துணை கறுத்திருப்பினும், இன்னும் வெள்ளையரல்லாதவனே! இந்தக் கடைசி வரையறையில்தான் அவர்களுடைய துணிவு முழுவதும் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

எல்லாரும் இதற்கு இசைந்துவிடவில்லை. 1971இல் புத்துயிர் பெற்ற நேட்டால் இந்தியர் காங்கிரஸ், தன் பெயரிலுள்ள 'இந்தியர்' என்பதை விட மறுத்தது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய பெயரை விடுவது எளிதா என்ன?

1976இல் பைக்கோவின் இயக்கத்தார் மீது நடந்த வழக்கில், நீங்கள் பழுப்பு நிறத்தவராயிற்றே, கறுப்பர் என்பானேன் என்று நீதிபதி வினவ, சாட்சிக் கூண்டில் நின்ற பைக்கோ, தங்களை வெள்ளையர் என்கிறவர்கள் உண்மையில் இளஞ்சிவப்பாகவன்றோ இருக்கிறார்கள் என்றார். மறு ஆண்டு செப்டம்பரில், போலீஸ் காவலில், முப்பதாம் வயதில் அவர் மாண்டார். அவ்வழக்கில் தண்டனை பெற்று ராபன் தீவுச் சிறைக்குச் சென்ற ஒன்பதின்மரில் ஒருவர் ஸ்ட்ரினி மூட்லி. மூட்லி என்பது வேறொன்றுமில்லை, கடல் கடந்துபோன நம் 'முதலி'தான்.