வாங்கித் தின்ற பலகாரம், சுட்டுத் தின்ற பலகாரம்

(திருப்பாலைவனத்தில் ஒரு டிசம்பர் மாதச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கிறிஸ்துமஸ் பலகாரம் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது ஏற்பாட்டாளர்களில் ஒரு தோழருக்குச் சங்கடமாகிவிட்டது. ‘பஞ்சமி நிலம் பத்திப் பேசலாம், இடஒதுக்கீடு பத்திப் பேசலாம். அதிரசம் பத்தி என்னாம்மா பேசுவே?’ என்று கேட்டார். அதிரசத்துக்கு அரிசி வேணும், அரிசிக்கு நிலம் வேணும் அண்ணா என்றேன். இந்தப் பொன்னேரி வட்டாரம் வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். அதன் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் பஞ்சமி நிலம் என்ற ஒன்றே வந்தது. ஆகவே அதிரசத்திலிருந்து தொடங்கினாலும் நிலத்துக்கு வந்து சேரலாம். எந்த வழியாகப் போனாலும் சேரிக்காரன் வந்து சேரும் இடம் ஒன்றுதான்.

நம் பாட்டிமார் காலத்துப் பண்டிகையை நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆண்டை வீட்டுப் பின்வாசலில் கூடையோடும் சட்டியோடும் நிற்க வேண்டும். வாசலுக்கு வந்து கூப்பிடக்கூடக் கூடாது. உள்ளே எல்லோரும் தின்று முடித்த பிறகு மிச்சமான வடை, ஊசிப்போகும் நிலையில் இருக்கிற சோறு, உடைந்த முறுக்கு எல்லாம் எட்ட நின்று சட்டியில் போடப்படும். அதைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தால் அதுதான் சேரியின் தீபாவளி. ‘நம்ம பண்டிகை’ என்று சொல்லிக்கொண்டாலும் அது ஆண்டையின் பண்டிகை. நமக்கு அதில் கிடைத்தது மிச்சம்.

கிறிஸ்துமஸ் அப்படி வந்ததல்ல. டிசம்பர் 25 அன்று ஆண்டை வீட்டில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. அவன் கொடுக்க ஒன்றுமில்லை, நாம் போய் நிற்க வாசலும் இல்லை. சேரியில் பலகாரம் வேண்டுமென்றால் சேரியில்தான் சுட வேண்டும். வாங்கித் தின்ற பலகாரம் போய்ச் சுட்டுத் தின்ற பலகாரம் வந்தது. ஒரு படி அரிசிதான், அரைக்கிலோ வெல்லம்தான். ஆனால் தட்டில் வைத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கிற நிலைக்கு நம் கை அன்றைக்குத்தான் வந்தது. மதமாற்றம் பற்றி இறையியல் பேசுகிறவர்கள் இந்தத் தட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தத் தட்டில் என்ன இருக்கும்? உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். மாவுப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணி விரித்து உலர்த்தி, ஈரம் முழுசாகப் போவதற்குள் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப்பாகு பதம் பார்த்து இறக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருண்டு நிற்க வேண்டும். பாகு முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், பிந்தினால் கல்லாகும். மாவைப் பானையில் வைத்து ஓரிரண்டு நாள் புளிக்க விட வேண்டும். சுட்டெடுத்ததை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெய் வழியப் பிழிய வேண்டும். அப்புறம் அச்சுமுறுக்கு. அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை கலந்த கரைசலில் சூடான இரும்பு அச்சை முக்கால் பாகம்தான் நனைக்கணும். முழுக்க முக்கினால் அச்சைவிட்டு மாவு கழலாது. அப்புறம் மைதாவில் கலகலா. மார்கழி மழையில் நனைந்த சவுக்கு விறகு புகையும். அடுப்புக்கு முன்னால் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பது யார்? இதற்குப் பிறகு வருகிறேன்.

தட்டு வெளியே போகிறது. சேரிக்குள் வீட்டுக்கு வீடு போகிறது, அதில் தடையில்லை. கோயிலுக்குப் போகாத வீட்டுக்கும் போகிறது. சேரியைத் தாண்டி ஊருக்குள் போகும்போது என்ன நடக்கிறது?

நான் வங்கியில் குமாஸ்தா. வேலை பார்த்த கிளைகளில் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் பிறந்ததும் ‘மேடம், கேக் எங்கே, கேக் எங்கே’ என்று எல்லோரும் அன்போடு கேட்டார்கள். ஒரு வருஷம் பேக்கரிப் பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். பத்து நிமிஷத்தில் காலி. அடுத்த வருஷம் அம்மா சுட்ட அதிரசமும் அச்சுமுறுக்கும் தூக்குச்சட்டியில் எடுத்துப்போனேன். ஒருத்தருக்குச் சர்க்கரை வியாதி, ஒருத்தருக்கு விரதம், ஒருத்தர் ‘வீட்டுக்கு எடுத்துப்போறேன்’ என்று காகிதத்தில் மடித்து மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் கடைநிலை ஊழியரும் நானும் தின்றோம். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. வழக்குப் போட முடியாது, புகார் எழுத முடியாது. எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

இதை யோசித்தால் ஒரு விதி தெரியும். பெட்டிக் கேக்கு சாதியைத் தாண்டும், ஏனென்றால் அதில் நம் கை படவில்லை. நாம் காசு கொடுத்தோம், கடைக்காரன் செய்தான். பழைய காலத்திலும் இதே விதிதான். சேரிக்காரன் அறுத்துக் கட்டிய நெல்லை எடுத்துக்கொள்வார்கள், அவன் கொண்டுவந்த வாழைத்தாரை, பூசணிக்காயை எடுத்துக்கொள்வார்கள். அதை அவன் சமைத்தால்தான் தீட்டு. பச்சையாக இருக்கும்வரை நம் உழைப்பு வேண்டும், வெந்ததும் நம் கை கூடாது. இன்றைக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கேக்கு அந்தப் பச்சைக் காயின் இடத்துக்கு வந்திருக்கிறது. அதைப் பகிர்வதை மத நல்லிணக்கம் என்று சொல்லலாம், தப்பில்லை. சமத்துவம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

கேக்கு நம்முடையதல்ல என்று சொல்ல வரவில்லை. அதன் கதையும் நம்மைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883-ல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காகச் செய்தார் என்று கதை சொல்வார்கள். நான் அதில் இருக்கிற சர்க்கரையைப் பார்க்கிறேன். 1834-லிருந்து மொரிசியஸ் கரும்புத் தோட்டத்துக்கும், 1860-ல் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கும் கூலியாகப் போனவர்களில் நம் சனங்கள் எத்தனை பேர்! அதற்கும் முன்னால், இதோ பக்கத்தில் பழவேற்காட்டில், டச்சுக்காரன் 1613-ல் கெல்டிரியாக் கோட்டை கட்டினான். துணி ஏற்றிய அதே துறைமுகத்தில் மனிதர்களையும் ஏற்றினான். பஞ்சம் வந்த வருஷங்களில் சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் படேவியாவுக்குப் போனார்கள். டச்சுக்காரன் கொழும்பில் பறங்கியர் வீடுகளில் ‘புரூடர்’ என்ற கிறிஸ்துமஸ் ரொட்டியை விட்டுப்போனான். பழவேற்காட்டில் அவன் விட்டுப்போனது எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு ஒரு கல்லறைத் தோட்டம். சுற்றுலா வருகிறவர்கள் அந்தக் கல்லறையைப் படம் எடுக்கிறார்கள். கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை.

அடுத்து, நம் முகத்துக்கு நேராகச் சொல்லப்படுகிற ஒரு வசவு. ‘சோத்துக்கு மதம் மாறினவங்க’, ‘பால் பவுடர் கிறிஸ்தவங்க’. சோற்றுக்காகவே மாறியிருந்தால்தான் என்ன? பசித்தவன் சோறு இருக்கிற பக்கம் போனதில் வெட்கப்பட வேண்டியவன் அவனா, சோற்றைப் பூட்டி வைத்தவனா? ஆனால் வரலாறு அப்படிக்கூட இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரணக் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையுமாகக் குறைத்தது ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி. அப்போது ஓங்கோல் பக்கம் இருந்த ஜான் கிளவ் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டுகிற ஒப்பந்தத்தை எடுத்து மாதிகர்களுக்கு வேலை கொடுத்தார். நம் பழவேற்காடு ஏரியை ஒட்டிப் போகிறதே, அதே கால்வாய்தான். கஞ்சிக்காக வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார்களே என்று பஞ்சம் நடந்த மாதங்களில் அவர் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நிவாரணம் முடிந்த பிறகு, 1878 ஜூலை 3-ம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கஞ்சி நின்ற பிறகு வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்? ஒரு மனிதன் பக்கத்தில் நின்று வேலை வாங்கி, கையில் கூலி கொடுத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டான். அதற்காக வந்தார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

டிசம்பர் 25 என்றதும் நமக்கு இன்னும் இரண்டு விஷயம் ஞாபகம் வர வேண்டும். 1927-ல் அதே தேதியில் மகத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அந்த வருஷம் மார்ச்சில் அங்கே தொடங்கியது குளத்துத் தண்ணீருக்கான போராட்டம். செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள், எறிகிற மிச்சத்தை வாங்கித் தின்பதை விடுங்கள் என்று அந்த மார்ச் மாநாட்டில்தான் அவர் சொன்னார். மிச்சம் வாங்காதே என்று அவர் சொன்னதற்கும், அடுப்பு மூட்டி நாமே சுடுவதற்கும் தொடர்பு இருக்கிறது. இன்னொன்று 1968. கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த இரவும் டிசம்பர் 25-தான். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கேட்டது கூலியில் அரைப்படி நெல். முக்கியக் குற்றவாளிகளாகச் சொல்லப்பட்ட நிலக்கிழார்கள் 1973-ல் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். நம் வீட்டில் மாவு அளக்கிற படியை எடுக்கும்போது அந்த அரைப்படி ஞாபகம் வர வேண்டாமா?

கறிக்கு வருவோம். காலையில் இட்லிக்கு மாட்டுக்கறிக் குழம்பு, மத்தியானம் பிரியாணி, ஏரிக்கரையாக இருந்தால் கூடவே இறாலோ நண்டோ. இதில் மாட்டுக்கறியை மட்டும் விருந்தாளி வந்தால் மூடி வைக்கிறோம். வெளியே ‘மட்டன்’ என்கிறோம். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்து, மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் விழாவையே தள்ளிவைத்தார்கள். மாட்டுக்கறியை ஒதுக்குவது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் சொன்னது. ஆணையமே சொன்ன பிறகும் நாம் மூடியைத் திறக்கக் கூச்சப்பட்டால் எப்படி?

கூச்சம் மட்டுமல்ல, பயமும் இருக்கிறது. 1950-ம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி கிடையாது. சீக்கியரை 1956-ல் சேர்த்தார்கள், பௌத்தரை 1990-ல் சேர்த்தார்கள். நமக்கும் வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் சொல்லியும் நடக்கவில்லை. 2022 அக்டோபரில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். இதற்கிடையில் என்ன ஆகிறது? இராமநாதபுரத்தில் ஒரு மருத்துவரின் கிளினிக்கில் சிலுவை மாட்டியிருந்தது என்று சாதிச் சான்றிதழை ரத்து செய்தார்கள். 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 2024 நவம்பர் 26-ல் உச்சநீதிமன்றம், கிறிஸ்தவத்தைக் கடைப்பிடிக்கிற புதுச்சேரிப் பெண் ஒருவருக்குச் சான்றிதழ் கிடையாது என்றது. ஆகவே நட்சத்திர விளக்கு மாட்டலாமா, அதிரச வாசனை தெரு முனைக்குப் போகலாமா என்று யோசிக்கிற வீடுகள் நம்மிடம் இருக்கின்றன. சேரியில் பிறந்தவன் என்று ஊர் அவனை மறக்கவில்லை, அரசாங்கம் மட்டும் மறந்துவிட்டது. ஒரு சனம் தன் பண்டிகைப் பலகாரத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு சுட வேண்டியிருப்பது எந்த ஜனநாயகத்தில் நடக்கும்?

கோயிலுக்குள்ளும் எல்லாம் சரியாக இல்லை. பழவேற்காட்டு மகிமை மாதா கோயிலை 1515-ல் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். ஐந்நூறு வருஷம் தாண்டிவிட்டது. அத்தனை வருஷத்தில் இந்தத் தமிழ்நாட்டுத் திருச்சபை ஒரே கல்லறைக்கு வந்துவிட்டதா? 2008 மார்ச் 9-ல் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகளைத் தாக்கியவர்களும் அதே கோயிலில் நன்மை வாங்குகிறவர்கள்தான். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்கிறோம் என்று பூசையில் பாடுகிறவர்கள், நம் வீட்டு அதிரசத்தைப் பிட்டுத் தின்பார்களா என்று கேளுங்கள்.

கடைசியாக, அடுப்புக்கு முன்னால் யார் என்று கேட்டேனே, அது. நம் வீட்டு ஆம்பிளைங்க நட்சத்திரம் கட்டுவாங்க, சீரியல் பல்பு மாட்டுவாங்க, மாவு பிசைய மாட்டாங்க. நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறவள் நான். டிசம்பரில் தோடு, மூக்குத்தி அடகுக்கு வருகிறது. கொண்டுவருகிறவள் பொம்பளை. எண்ணெய் வாங்குகிறவள் அவள், எண்ணெய் தெறித்துக் கை வேகிறவள் அவள், எல்லோரும் தின்ற பிறகு டப்பாவின் அடியில் இருக்கிற தூளைத் தின்கிறவளும் அவள். ஆண்டை வீட்டு மிச்சம் வேண்டாம் என்று வந்த நாம், நம் வீட்டுப் பொம்பளைக்கு மிச்சம் வைக்கலாமா?

ஆகவே மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, இந்த வருஷம் ஊருக்குள் தட்டு அனுப்புவதாக இருந்தால் பேக்கரிப் பெட்டி வேண்டாம், நம் கை சுட்டதை அனுப்புங்கள். வாங்கினால் உறவு, திரும்பி வந்தால் நமக்கு ஒரு உண்மை தெரிந்தது, இரண்டும் லாபம்தான். இரண்டு, பாகு காய்ச்சுகிற ராத்திரியில் வீட்டு ஆண்கள் அடுப்பில் உட்காரட்டும். பதம் தப்பினாலும் பரவாயில்லை, பழகிக்கொள்ளலாம். மூன்று, 25-ம் தேதி சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்து, தட்டைக் கையில் கொடுத்துவிட்டு, மகத்தையும் வெண்மணியையும் சொல்லுங்கள். வாயில் இனிப்பு இருக்கும்போது கேட்டது மறக்காது.

எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். ஜெய்பீம்.